குறுங்கூந்தலின் வரலாறு

'முடி' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். மன்னன் தலையில் சூடும் மகுடமும் முடி; மாந்தர் தலையில் வளரும் மயிரும் முடி. முன்னதைப் பற்றிய வரலாறுகள் ஏராளம். எந்த முடி எவர் தலையில் ஏறியது, எந்தப் போரில் எவர் முடி இழந்தார் என்பவற்றை மாணவர்கள் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிக்கின்றனர். பின்னதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிறப்பாக, மகளிரின் முடி எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும், அதனை எவர் தீர்மானிப்பது என்னும் வினாவைச் சுற்றி நெடுங்கால வழக்கொன்று நடந்து வந்துள்ளது. அவ்வழக்கின் ஒரு பகுதி மலாயா மண்ணிலும் நடந்தது என்பது இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

சிலாங்கூர் மாநிலத்தின் கோலலங்காட் மாவட்டத்தில், கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே அமைந்த சிற்றூர் ஜெஞ்சாரோம். நெருக்கடிக் காலத்தில் (1948–1960) உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று அது. சீனர் மிகுதியாக வாழும் அவ்வூரைச் சூழ்ந்த வட்டாரத்துத் தோட்டங்களில், முன்பு ரப்பரையும் பின்னர்ச் செம்பனையையும் நம்பித் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துள்ளனர். இன்று அங்கே ஒரு மாணவி பள்ளி விடுமுறையில் சிகை அலங்கார நிலையத்திற்குச் சென்று, தன் முகத்திற்குப் பொருந்துமாறு கூந்தலைத் தாடையளவில் 'பாப்' முறையில் வெட்டிக்கொண்டு திரும்பினால் அது செய்தியாவதில்லை. அவள் பாட்டியின் காலத்தில் அது பெருஞ்செய்தியாகியிருக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

ஐம்பாலும் கைம்மையும்

பழந்தமிழர் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' என்று வழங்கினர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாகக் கூந்தலை ஒப்பனை செய்தமையால் அப்பெயர் வந்தது என்பர் உரையாசிரியர். முடிப்பது, சுற்றிச் செருகுவது, சுருட்டுவது, பின்னுவது எனச் செய்முறைகள் பலவாயினும், அனைத்திற்கும் அடிப்படை கூந்தலின் நீளமே. வெட்டிக் குறைப்பது என்னும் முறை அவ்வைந்தனுள் இல்லை.

வெட்டுதலுக்கு இலக்கியத்தில் இடமே இல்லை என்று கொள்ளவேண்டா. இடம் உண்டு, ஆயின் அது துயரத்தின் இடம். கணவனை இழந்த மகளிர் கூந்தல் களைந்து கைம்மை நோன்பு நோற்றதைப் புறநானூறு காட்டுகிறது. கோவலனின் முடிவைக் கேட்ட மாதவி கூந்தலைக் களைந்து புத்த நெறியில் புகுந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆக, குறைக்கப்பட்ட கூந்தலுக்குத் தமிழ் மரபு இரண்டு பொருள்களையே அறிந்திருந்தது. ஒன்று இழப்பு; மற்றொன்று துறவு. அழகின்பொருட்டோ வசதியின்பொருட்டோ ஒரு பெண் தன் விருப்பத்தால் கூந்தலை வெட்டுதல் என்னும் மூன்றாவது பொருள் அக்காலத்தில் தோன்றவில்லை.

கூந்தலைப் பற்றிய தீர்ப்புகளைப் பெரும்பாலும் ஆடவரே வழங்கினர் என்பதற்குத் திருவிளையாடற் கதையே சான்றாகும். மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்னும் ஐயம் பாண்டியனுக்கு எழுகிறது. இறைவன் பாட்டு எழுதிக் கொடுக்கிறான். தருமி கொண்டு செல்கிறான். நக்கீரர் குற்றம் காண்கிறார். அரசன், புலவன், இறைவன் என மூவர் வாதிட்ட அம்மன்றத்தில், கூந்தலுக்கு உரிய மகளிருள் ஒருவரையும் சான்று கூற அழைத்ததாகக் கதை சொல்லவில்லை.

பாரிசில் எழுந்த கத்தரியோசை

'பாப்' என்னும் ஆங்கிலச் சொல் குறுக வெட்டுதலைக் குறிக்கும். குதிரையின் வாலைக் கத்தரிப்பதற்கும் அச்சொல்லை வழங்கினர். மகளிர் கூந்தலைக் காதுக்கும் தோளுக்கும் இடையே ஒரே வரிசையாக வெட்டி விடும் முறைக்கு அப்பெயர் நிலைத்தது. 1909ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து முடி ஒப்பனைக் கலைஞரான அந்துவான் என்பார், நடிகை ஈவ் லாவல்லியேரின் கூந்தலை அவ்வாறு வெட்டினார். ஆடவர்போல் முடி வெட்டிப் போர்க்களம் புகுந்த பிரெஞ்சு வீராங்கனை சோன் ஆவ் ஆர்க்கை அவர் முன்மாதிரியாகக் கொண்டார் என்று கூறுவர். பின்னாளில் மலாயாவில் நிகழ்ந்ததை எண்ணும்போது, இம்முறையின் தொடக்கமே ஒரு பெண் போர்வீரரின் நினைவோடு இணைந்திருந்தது கருதத்தக்கது.

1915ஆம் ஆண்டளவில் நடன மணி ஐரீன் காசில் அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பினார். முதல் உலகப் போரில் ஆடவர் களம் சென்றபின், ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். பொறிகளுக்கு அருகே நிற்போர்க்கு நீண்ட கூந்தல் இடர் விளைவித்தது. போர் முடிந்தபின் அவர்களுள் பலர் பழைய நீளத்திற்குத் திரும்ப விரும்பவில்லை. 1920களில் இளம்பெண்கள் ஆடவர்க்குரிய முடிதிருத்தகங்களில் வரிசையில் நின்றனர். பெற்றோர் சினந்தனர்; சமயத் தலைவர்கள் கண்டித்தனர்.

சீனாவில் இது மேலும் கடுமையான வடிவம் கொண்டது. 1919ஆம் ஆண்டின் மே நான்காம் நாள் இயக்கத்திற்குப்பின் கல்வி கற்ற இளம்பெண்கள் கூந்தலைக் குறைத்துக்கொள்வதைப் புதுவாழ்வின் அடையாளமாகக் கொண்டனர். 1927இல் பொதுவுடைமையர் வேட்டையாடப்பட்டபோது, குட்டை முடியே குற்றத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டுப் பெண்கள் பலர் கொல்லப்பட்டனர். தலைமயிரின் நீளம் உயிருக்கே விலையாகிய காலமும் உலகில் இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழகத்தில் இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியவர் தந்தை பெரியார். நீண்ட கூந்தலைப் பேணுவதில் பெண்களின் பொழுதும் உழைப்பும் வீணாகின்றன என்றும், ஆடவரைப் போலவே அவர்களும் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் எழுதியும் பேசியும் வந்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவிற்கு வந்து தமிழரிடையே சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார். சாதி, திருமணம், கள் ஆகியவை குறித்த அவர் கருத்துகள் தோட்டப்புறங்களில் வேரூன்றின. கூந்தல் பற்றிய கருத்தோ பெரும்பாலும் மேடையளவிலேயே நின்றது. அது செயலாவதற்கு ஒரு போர் தேவைப்பட்டது.

பால்மரக் காட்டிலிருந்து பாசறைக்கு

ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கியது. கூந்தலை இறுக முடிந்து, துணியால் தலையைச் சுற்றிக் கட்டி, இருளில் பால்மரங்களிடையே அவள் நடந்தாள். நீளமான கூந்தல் அவளுக்கு அழகு என்று சமூகம் சொல்லிற்று. அதனைக் கழுவி உலர்த்திச் சிக்கெடுக்கும் ஓய்வை மட்டும் எவரும் அவளுக்கு வழங்கவில்லை.

அவளுடைய மானத்திற்கும் பாதுகாப்பு இல்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற அப்போராட்டத்தில் ஊதிய உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பனவும் கோரிக்கைகளாக வைக்கப்பட்டன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நிமிர்ந்து நிற்க வேண்டும் என்னும் வேட்கை ஒடுக்கப்பட்டதேயன்றி அழிக்கப்படவில்லை.

இரண்டாண்டுகளில் அவ்வேட்கைக்கு வேறொரு வாயில் திறந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் மகளிர்க்கெனத் தனிப்படை அமைக்கப்படும் என அறிவித்தார். சென்னையில் மருத்துவம் பயின்று 1940இல் சிங்கப்பூர் வந்திருந்த டாக்டர் லட்சுமி அதன் தலைமையை ஏற்றார். 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. அப்படையில் சேர்ந்தோருள் மலாயாத் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர்; ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்றோர் அவர்களுள் பெருந்தொகையினர். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, நேதாஜியின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர்த் தம் 18ஆம் வயதில் படையிலும் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என நாடறிந்தவர் அவரே.

பாசறையில் சேலைக்கு மாற்றாகக் காற்சட்டையும் மேற்சட்டையும் தொப்பியும் வந்தன. துப்பாக்கி, ஈட்டிமுனை, நெடுநடை எனப் பயிற்சி கடுமையாக இருந்தது. பலர் தம் நீண்ட கூந்தலைக் கழுத்தளவில் வெட்டிக்கொண்டனர். தொப்பிக்குள் கொண்டை அடங்காது. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகத் தங்கும் பாசறையில் நீர்விட்டு அலசி உலர்த்தப் பொழுதும் இல்லை. காரணங்கள் நடைமுறை சார்ந்தவையே. ஆயினும் அவற்றின் விளைவு நடைமுறையைக் கடந்து நின்றது. இழப்பையும் துறவையும் மட்டுமே குறித்து வந்த குறைக்கப்பட்ட கூந்தல், தமிழ்ப் பெண்ணின் வாழ்வில் அன்று மூன்றாவதொரு பொருளைப் பெற்றது. கணவன் இறந்ததற்காக அன்று, உலகைத் துறந்ததற்காகவும் அன்று. தானே மேற்கொண்ட ஒரு செயலுக்காகப் பெண் தன் கூந்தலைக் குறைத்துக்கொண்டாள்.

அப்படை 1944இல் பர்மா சென்றது. 1945 ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, அப்பெண்கள் காடும் ஆறும் கடந்து நெடுந்தொலைவு நடந்தனர். போர் முடிந்தது, படை கலைந்தது. டாக்டர் லட்சுமி இந்தியா திரும்பித் தம் வாழ்நாளை மருத்துவத் தொண்டில் கழித்து 2012இல் மறைந்தார். ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க கால உறுப்பினருள் ஒருவரானார்; 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2014இல் மறைந்தார். தோட்டங்களுக்குத் திரும்பிய ஏனையோருள் பலர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்கள் மீண்டும் பால்வாளியைத் தூக்கினர். மீண்டும் கொண்டை முடிந்தனர். வெட்டிய கூந்தல் வளர்ந்து மூடியதுபோல், அவர்களின் வரலாற்றையும் மறதி மூடிற்று.

முகத்திற்கு ஏற்ற முடி

போர்க்காலக் குறுங்கூந்தல் தேவையால் வந்தது. அதனை ஒரு கலையாக்கியது 1960கள். 1963இல் இலண்டன் கலைஞர் விடால் சசூன், ஆங்காங்கில் பிறந்த நடிகை நான்சி குவானின் நீண்ட கூந்தலைப் பிடரியில் குட்டையாகவும் முன்புறம் நீண்டும் இருக்குமாறு வெட்டினார். சுருட்டிகளும் பசைத் தெளிப்பும் இன்றி, வெட்டின் வடிவத்தாலேயே முடி தன் இடத்தில் விழ வேண்டும் என்பது அவர் கொள்கை. தலையோட்டின் அமைப்பையும் முகத்தின் எலும்புகளையும் பார்த்து வெட்டும் முறை அதன்பின் பரவிற்று.

இந்தியாவில் 1960இல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படம் இக்கொள்கையை எளிய மக்களுக்கும் புரியவைத்தது. நடிகை சாதனாவின் நெற்றி அகலமாக இருந்தமையால், இயக்குநர் ஆர்.கே. நய்யார் அவர் நெற்றியில் முடி விழுமாறு கத்தரிக்கச் செய்தார். அதுவே 'சாதனா கட்' என்னும் பெயரால் தமிழகத்துக் கல்லூரிகள் வரை சென்றது. ஒருவர் முகத்தின் தேவைக்காகப் பிறந்த வெட்டினைத் தம் முகத்தை எண்ணிப் பாராமலே பலர் பின்பற்றினர். நெற்றி குறுகியவர்க்கு அது பொருந்தவில்லை. பிறர் தலையைப் பார்த்துத் தம் தலையை முடிவு செய்வதன் பிழையை அந்நிகழ்ச்சி நன்கு காட்டிற்று.

பொருத்தம் காண்பதற்குரிய விதிகள் கடினமானவை அல்ல. கூந்தலைப் பின்னால் வாரிக் கட்டி, கண்ணாடிமுன் நேராக நின்று, நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகிய மூன்றன் அகலத்தையும் முகத்தின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். முடியின் வெட்டு எங்கே முடிகிறதோ அங்கே காண்போர் கண் நிற்கும் என்பதே அடிப்படை. வட்ட முகத்தார்க்குக் கன்னத்தில் முடியும் வெட்டு முகத்தை மேலும் அகலமாக்கும். மோவாய்க்குக் கீழே இறங்கும் நீளமும், ஓர வகிடும், உச்சியில் சற்று உயரமும் நலம் தரும். நீள முகத்தார்க்கு மோவாயளவு பாப்பும் நெற்றியில் விழும் முடியும் நீளத்தைக் குறைத்துக் காட்டும். தாடை சதுரமாக அமைந்தவர்கள் தாடையின் கோட்டிலேயே வெட்டை நிறுத்தலாகாது. அதற்குச் சற்றுக் கீழே, ஓரங்கள் மென்மையாக விழுமாறு அமைத்தல் வேண்டும். நெற்றி அகன்று மோவாய் குறுகியவர்க்குத் தாடையருகே முடி அடர்ந்து நிற்பதும், நெற்றி முடி ஒருபுறமாகச் சாய்வதும் சமநிலை தரும். முட்டை வடிவ முகத்தார்க்குப் பெரும்பாலும் எல்லா வகையும் பொருந்தும். கழுத்து குட்டையானவர்க்குப் பிடரியில் உயர்த்தி வெட்டுவது கழுத்தை நீட்டிக் காட்டும்.

முகத்தோடு முடியின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். தமிழ்ப் பெண்களுள் பலர்க்கு முடி அடர்த்தியாகவும் அலையலையாகவும் இருக்கும். சுருண்ட முடி நனைந்திருக்கும்போது நீண்டும், உலர்ந்தபின் சுருங்கியும் நிற்கும். ஈரத்தில் மோவாயளவு வெட்டியது உலர்ந்ததும் காதருகே ஏறிவிடும். ஆதலின் அத்தகைய முடியை வேண்டிய அளவினும் நீளமாக விட்டு, உலர்ந்த நிலையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே அறிவுடைமை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் அடர்ந்த முடி உப்பும். ஒரே மட்டமாக வெட்டினால் கீழே விரிந்து முக்கோணம்போல் நிற்கும். உள்ளடுக்குகளில் கனத்தைக் குறைத்தால் படிந்து விழும். தலை கழுவியபின் காற்றை மேலிருந்து கீழாகச் செலுத்தி உலர்த்தி, நுனியை உருளைச் சீப்பால் உட்புறம் வளைத்து, ஓரிரு துளி எண்ணெயை நுனியில் மட்டும் தடவுவது போதுமானது. முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்தால்தான் வடிவம் நிலைக்கும்.

எவர் கையில் கத்தரி?

கோலலங்காட், கிள்ளான் வட்டாரங்களில் இம்மாற்றம் மெல்லவே வந்தது. சீன மாணவியர் காதளவு வெட்டிய முடியோடு பள்ளிக்குச் சென்ற காலத்தில், அவர்களின் தமிழ்த் தோழியர் எண்ணெய் தடவிய இரட்டைப் பின்னலோடு சென்றனர். இரண்டும் அவ்வச் சிறுமியரின் தேர்வு அன்று. வீடும் பள்ளியும் விதித்தவையே. 1970களில் தொழிற்சாலைகள் பெருகித் தோட்டத்துப் பெண்கள் மாத ஊதியத்திற்கு வேலைக்குச் செல்லத் தொடங்கியபோது, கையில் காசும் தலைமேல் உரிமையும் ஓரளவு ஒருசேர வந்தன. மகளிர் குறுங்கூந்தலை விரும்பினால், ஆடவர்க்கே உரியவையாக இருந்த தமிழர் முடிதிருத்தகங்களைத் தவிர்த்துப் பெரும்பாலும் சீனர் நடத்திய ஒப்பனை நிலையங்களையே நாடினர். இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்ப் பெண்களே அத்தகைய நிலையங்களை நடத்துகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நீண்ட கூந்தல் அடிமையின் சின்னம், குறுங்கூந்தல் விடுதலையின் சின்னம் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. விரித்த கூந்தலோடு பாண்டியன் அவையில் நின்று நீதி கேட்ட கண்ணகியின் கூந்தல் நீண்டதே. பாதி மலேசியத் தமிழ்ப் பெண்கள் நாளையே கூந்தலைக் குறைத்து, அதுவும் பிறர் சொல்லுக்கு அஞ்சியோ திரைப்பட மோகத்தாலோ நிகழுமாயின், அதில் பெருமைப்பட ஒன்றும் இராது. நீளத்தில் உரிமை இல்லை, தேர்வில் இருக்கிறது.

பள்ளிகளில் ஜான்சி ராணிப் படையைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், தலைவியரின் பெயர்களோடு நிறுத்தாமல், பெயர் அறியப்படாத தோட்டத்துப் பெண்களின் வெட்டப்பட்ட கூந்தலையும் மாணவர்க்கு நினைவூட்டலாம். அவர்கள் தம் முகத்திற்கு எது பொருந்தும் என்று கண்ணாடி பார்த்து வெட்டிக்கொள்ளவில்லை. அதற்கு அவர்களுக்குக் காலமும் இல்லை, கண்ணாடியும் இருந்திராது. இன்று ஜெஞ்சாரோமில் கண்ணாடிமுன் அமர்ந்து, மோவாயளவா தோளளவா என்று நிதானமாக எண்ணிப் பார்க்கும் மாணவிக்கு அந்த நேரம் வாய்த்திருக்கிறது. அது தானே வந்ததன்று. அவள் எந்த நீளத்தைத் தேர்ந்தாலும், தேர்ந்தவள் தானே என்னும் உணர்வோடு எழுந்து வருவாளாயின், வாட்டர்லூ சாலைப் பாசறையில் தரையில் விழுந்த கூந்தல் வீணாகவில்லை.